அடிப்பாரத்தின் கதை

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த நாள்களில், நம்மிடம் பொதுத்தமிழ் படித்த பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இயற்பியல் பட்டம் பெற்றவர். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஓர் ஏரிக்கரையில் படகு பழுதுபார்க்கும் கூடத்தில் வேலை செய்கிறார். இரண்டே வரிகள்: “ஐயா, வணக்கம். பாலஸ்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? இங்கே என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.”

பாலஸ்ட் என்றால் நம் பக்கத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய கருங்கல் ஜல்லி. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு நம் அண்டையிலுள்ள வாலாஜா சாலைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆகவே அந்தச் சொல்லும் இப்பகுதிக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அது இருப்புப்பாதையில் பிறந்த சொல் அன்று. கப்பலிலிருந்து இறங்கி வந்தது. இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரைக்கு வெற்றுக் கப்பல்கள் சுமந்து வந்து கொட்டிய சரளையை அங்கிருந்த நிலக்கரி வண்டிப்பாதைகளுக்கு அடியில் பரப்பியதால் இப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பர். மாணவர் கேட்டது கப்பலின் பாலஸ்ட்டை. கலம் கவிழாமல் இருக்க அதன் அடிவயிற்றில் வைக்கும் சுமை. “அடிப்பாரம்” என்று எழுதி அனுப்பினோம். எழுதியபின் நமக்கே ஓர் ஐயம் எழுந்தது. படகு என்பது மிதப்பதற்கு. அதில் வேண்டுமென்றே பாரம் ஏற்றுவானேன்? அந்த ஐயத்தைத் தொடர்ந்து சில மாதங்கள் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாதார் இலர். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அதன் வித்தை முழுவதும் அடியிலுள்ள களிமண் கனத்தில் இருக்கிறது. பாய்மரக் கப்பலும் அப்படித்தான். மேலே பாயும் மரமும் காற்றை வாங்க, கீழே கனம் இல்லையேல் சாய்ந்துவிடும். சரக்கு நிறைந்திருந்தால் சரக்கே கனம். சரக்கை இறக்கிவிட்டு வெறுங்கலமாகத் திரும்பும்போதுதான் கல்லோ மணலோ ஏற்ற வேண்டியிருக்கும். நம் கட்டுமரத்துக்கு இத்தொல்லை எதுவும் இல்லை. அதற்கு வயிறே கிடையாது. அலை மரங்களின் இடுக்கு வழியே ஏறும், வழிந்து போகும். உலகம் முழுவதற்கும் பெயர் கொடுத்த அந்த எளிய கலத்துக்கு அடிப்பாரம் என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது.

அடிப்பாரம் குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகம் காட்டும் சான்று சுவீடன் நாட்டின் வாசா என்னும் போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறையிலிருந்து முதன்முறையாகப் பாய் விரித்தது. ஏறத்தாழ 1300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்றுக்குச் சாய்ந்து மூழ்கியது. இதில் வியப்புக்குரிய செய்தி, கப்பல் தள்ளாடும் என்பது முன்னமே தெரிந்திருந்ததுதான். துறையில் நின்றபோதே முப்பது மாலுமிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அஞ்சிச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 120 டன் கல் அடியில் கிடந்தது. அது போதாது. கூடுதலாக ஏற்றினாலோ கலம் தாழ்ந்து கீழ்த்தளப் பீரங்கித் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். கல் ஏற்றினால் துளை வழியே மூழ்கும், ஏற்றாவிட்டால் சாய்ந்து மூழ்கும் என்ற நிலை. பழுது அடிப்பாரத்தில் இல்லை, கப்பலைக் கட்டிய விதத்திலேயே இருந்தது. அரசனின் ஆணைக்கு முன் அதைச் சொல்ல எவரும் துணியவில்லை.

வணிகர்களோ வெறும் கல்லை ஏற்றுவதற்கு மனம் ஒப்பாதவர்கள். விற்கக்கூடிய பொருளையே அடிப்பாரமாக்கினார்கள். சீனத்திலிருந்து தேயிலை ஏற்றிய கப்பல்களில் அடித்தட்டில் பீங்கான் பெட்டிகள் கிடந்தன. நனைந்தாலும் பீங்கானுக்குக் கேடில்லை, மேலிருக்கும் தேயிலை உலர்ந்திருக்கும். கிழக்கிந்தியக் கும்பினி பீகாரின் வெடியுப்பை அவ்வாறே அடியில் போட்டு இலண்டனுக்குக் கொண்டுசென்றது. கனமும் ஆயிற்று, வெடிமருந்துக்குச் சரக்கும் ஆயிற்று. 1752 பிப்ரவரி 23 அன்று இராபர்ட் கிளைவின் படையும் இராசா சாகிபின் படையும் இவ்வூர்ப் புறத்தில் மோதியதும் பிரெஞ்சுப் பீரங்கிகள் மாந்தோப்பொன்றில் மறைந்திருந்ததும் பள்ளிப் பாடம். அந்த நூற்றாண்டில் பீரங்கிக்கு உணவாகும் உப்பு கப்பலுக்கு அடிப்பாரமாகக் கிடந்தது என்பது பாடத்தில் வராதது.

கல்லும் மணலும் தீங்கற்றவை என எண்ணிவிடலாகாது. டைன் கரையில் கொட்டிய அடிப்பார மணல் குன்றுகளாக உயர்ந்தது. அக்குன்றுகளில் எங்கெங்கோ உள்ள செடிகள் முளைத்ததைத் தாவரவியலார் பதிவுசெய்திருக்கிறார்கள். மணலோடு விதை வந்தது. ஆயினும் கல்லை ஏற்றி இறக்குவதில் முதன்மையான தொல்லை ஆள்கூலியும் நாள்கணக்கும்தான். நிலக்கரிக் கப்பல் ஒன்று இலண்டனில் கரியை இறக்கிவிட்டுத் தேம்சு ஆற்றுச் சரளையை ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்பி அதை மறுபடி இறக்கவேண்டும். நீராவி எந்திரம் வந்தபின் இத்தாமதம் பொறுக்கமுடியாததாயிற்று. 1852இல் ஜாரோ என்னுமிடத்தில் சார்லசு பாமரின் தளத்தில் நீரிலிறங்கிய ‘ஜான் போவ்ஸ்’ என்ற நீராவிக் கரிக்கப்பல், கல்லுக்குப் பதில் நீரையே அடிப்பாரமாக ஏற்றி வெற்றி கண்ட தொடக்ககாலக் கலங்களுள் ஒன்று. கடலே சுற்றிலும் கிடக்கிறது. குழாயைத் திறந்தால் கனம் உள்ளே வரும், எக்கியை இயக்கினால் வெளியே போகும். கூலியும் இல்லை, விலையும் இல்லை. இதைவிட எளிய தீர்வு வேறென்ன இருக்கமுடியும்?

எளிய தீர்வு இரண்டு புதிய பழுதுகளைக் கொண்டுவந்தது. ஒன்றை எந்திரவியலார் உடனே கண்டுகொண்டார்கள். மற்றொன்றைக் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதற்பழுதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. நிறைகுடம் தளும்பாது என்பதை நீதிமொழியாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். அது பொறியியல் உண்மையும்கூட. கல் கிடந்த இடத்தில் கிடக்கும். பாதி நிரம்பிய தொட்டியிலுள்ள நீரோ கலம் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே ஓடிச் சாய்வை வளர்க்கும். ஆகவே அடிப்பாரத் தொட்டி முழுக்க நிறைந்திருக்கவேண்டும், அல்லது முழுக்க வெறுமையாயிருக்கவேண்டும், இடைநிலையே ஆபத்து. தண்ணீர் லாரித் தொட்டிக்குள் குறுக்குத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். ஏரியில் நீர் மொண்டு குடத்தின்மேல் ஒரு வேப்பங்கொத்தை மிதக்கவிட்டு நடந்த பெண்கள் இதே தளும்பலைத்தான் அடக்கினார்கள்.

இனி நம் மாணவரின் படகுக்கு வருவோம். அவர் கூடத்துக்கு வருபவை பெரும்பாலும் உல்லாச ஜெட் படகுகள். ஜெட் படகின் வரலாறு சுவையானது. நியூசிலாந்தில் ஐரிஷ்மேன் கிரீக் என்னுமிடத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த வில்லியம் ஹாமில்டன் என்பவர், அந்நாட்டின் ஆழமற்ற கூழாங்கல் ஆறுகளில் மேல்நோக்கிப் போக விரும்பினார். சுழலி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கல்லில் பட்டு உடையும். ஆகவே படகின் அடியில் நீரை உறிஞ்சிப் பின்புறம் பீச்சும் முறையை 1950களில் செம்மைப்படுத்தினார். பீச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தியதும் வேகம் கூடிற்று. நம் நாடு இப்படகை நேரில் கண்டது 1977இல். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி ‘கங்கா’, ‘கிவி’, ‘ஏர் இந்தியா’ எனப் பெயரிட்ட மூன்று ஜெட் படகுகளில் கங்கை கடலோடு கலக்கும் இடத்திலிருந்து இமயம் நோக்கிப் புறப்பட்டார். படகோட்டிகளுள் ஹாமில்டனின் மகன் ஜான் ஒருவர். 1965இல் இந்திய எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை தாங்கிய மோகன் கோலியும் உடன் சென்றார். காசியையும் அரித்துவாரையும் கடந்து, வெள்ளைச் சுழல்களில் ஏறி, நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரை அப்படகுகள் போயின. அதன்பின் நடைப்பயணம். மலைமேல் ஹிலாரி உயிராபத்தான நோய்க்குள்ளாகி ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவரப்பட்டார்.

அந்தப் படகுக்கு இலேசாயிருப்பதே உயிர். ஒரு சாண் நீரிலும் ஓடவேண்டும் என்பதற்காகப் பிறந்தது அது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: அதே குலத்தில் பிறந்த இன்றைய உல்லாசப் படகுகள் சிலவற்றில் வேண்டுமென்றே நீரை ஏற்றிக் கனமாக்குகிறார்கள். காரணம், படகின் பின்னே பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு. படகு தாழ்ந்து போனால் பின்னால் எழும் அலை பெரிதாகும். சறுக்குபவர் துள்ள அது வேண்டும். பைகளிலும் தொட்டிகளிலும் ஏரி நீரை ஏற்றுகிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 400 லிட்டர்ப் பை ஒன்று ஆறு பேர் கூடுதலாக உட்கார்ந்ததற்குச் சமம். படகில் ஒட்டிய எடைவரம்புத் தகட்டில் நீரையும் ஆள்களோடு சேர்த்தே கணக்கிடவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்களாம்.

பழுதுகளைப் பற்றி மாணவர் எழுதிய மடல்கள் நமக்கு வாசாவின் கதையையே சிற்றுருவில் நினைவூட்டின. “தொட்டி நிரம்பவில்லை” என்று வருவார்கள்; பெரும்பாலும் எக்கியில் குற்றமிராது, காற்று வெளியேறும் சிறுகுழாய் அடைத்திருக்கும். காற்று போக வழியில்லையேல் நீர் வர வழியில்லை. எக்கி சுழலும், நீர் ஏறாது. அடித்துளையில் ஏரிப்பாசி சிக்கியிருக்கும், அல்லது படகு வேகமாக ஓடும்போது துளை நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கும். குளிர்காலம் முழுவதும் ஓடாமல் கிடந்த எக்கியின் இரப்பர் இதழ்கள் காய்ந்து வெடித்திருக்கும். நிரப்பிய தொட்டி ஓட்டத்தில் தானே வடிந்துவிடுவதும் உண்டு. ஜெட் படகில் எந்திரம் பின்புறம் இருப்பதால் அங்கே ஏற்கெனவே கனம் மிகுதி. அதன்மேலும் பின்னாலேயே நீர் ஏற்றினால் முகப்பு வானைப் பார்க்கும், படகு எழுந்து ஓடத் தாமதிக்கும். ஒரு பக்கப் பை மட்டும் நிறைந்து படகு சாய்ந்தால் உறிஞ்சுவாய் காற்றைக் குடித்து எந்திரம் வெறுமனே இரையும். முன்புறம் ஒரு சிறு பை வைத்து நிரவுவதே மருந்து. “கூடுதல் பை வாங்கித் தரச் சொல்கிறார்கள் ஐயா. இருக்கிற பையை இடம் மாற்றினால் போதும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்” என்று எழுதியிருந்தார்.

இவை யாவும் கையால் தீர்க்கக்கூடியவை. தீராத பழுது ஒன்று உண்டு. எந்த எக்கியும் தொட்டியை முற்றிலும் வெறுமையாக்குவதில்லை. அடியில் சில லிட்டர் தங்கிவிடும். படகோட்டுபவருக்கு அது பொருட்டே அன்று. கனத்தில் அது கணக்கிலேயே வராது. நாம் மேலே சொன்ன இரண்டாம் பழுது, நூறாண்டு எவர் கண்ணிலும் படாத பழுது, அந்த மிச்ச நீரில்தான் இருக்கிறது.

1988இல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட செயின்ட் கிளேர் ஏரியில் வரிவரியாக ஓடு கொண்ட ஒரு சிறு நன்னீர்ச் சிப்பி கண்டறியப்பட்டது. கருங்கடல், காசுபியன் பகுதியைச் சேர்ந்தது. ஐரோப்பியத் துறையொன்றில் கப்பல் ஏற்றிய அடிப்பார நீரில் கண்ணுக்குத் தெரியாத இளவுயிராக வந்திருக்கவேண்டும் என்பதே அறிஞர் முடிவு. சில ஆண்டுகளிலேயே பேரேரிகள் முழுவதும் பரவி, நகரங்களின் குடிநீர்க் குழாய்களை அடைத்தது. அதன் உறவான குவாகா சிப்பி 2007இல் நெவாடா பாலைவனத்து மீட் ஏரியில் காணப்பட்டது. அங்கே கப்பல் போகாது. வண்டியில் ஏற்றிச் சென்ற உல்லாசப் படகுகள்தாம் கொண்டுபோயிருக்கவேண்டும். கப்பலின் பழுது, சிறுபடகின் அடிமிச்ச நீர் வழியே கடலில்லாத ஊருக்கும் போய்ச் சேரலாயிற்று. ஒண்டாரியோவில் 2022 முதல் படகைத் தரைவழி கொண்டுசெல்லுமுன் நீரை வடித்துச் சுத்தம் செய்வது சட்டப்படி கடமை. நம் மாணவரின் வேலையில் பாதி இப்போது அதுதான்.

பெருங்கப்பல்களுக்கு 2004இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில் 50 மைக்ரானுக்குக் குறையாத உயிர்கள் ஒரு கனமீட்டருக்குப் பத்துக்குக் குறைவாகவே இருக்கலாம் என்பது அதன் அளவுகோல். ஏற்றுக்கொள்ளவும் நடைமுறைப்படுத்தவும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். சிப்பிக்குப் பதின்மூன்று ஆண்டு என்பது பல தலைமுறை.

இதை வடஅமெரிக்கக் கதையாகவே படித்து முடித்திருப்போம். நம் ஏரி முடிக்கவிடவில்லை.

காவேரிப்பாக்கம் ஏரி தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்தது என்பது மரபு. அப்படியாயின் ஒன்பதாம் நூற்றாண்டு. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழி நீர் பெறும் இவ்வேரி நிரம்பி வழிந்தால் உபரி கொசத்தலையாற்றைச் சேரும். அந்த ஆற்றின் தோற்றுவாய் என்று பழைய கெசட்டியர் நம் ஏரியைத்தான் சொல்கிறது. பள்ளிப்பட்டுப் பக்கத்தைச் சொல்வாரும் உளர். அந்த வழக்கை நாம் தீர்க்க முற்படவில்லை. கேசவரம் அணைக்கட்டில் ஒரு பிரிவு கூவமாகப் போக, மற்றது 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கிச் சென்னைக்குக் குடிநீராகும். எஞ்சியது எண்ணூரில் கடல் சேரும்.

அந்த எண்ணூர்க் கழிமுகத்தில் இன்று மீனவர்கள் “காக்கா ஆழி” என்று கைக்கும் ஒரு சிப்பி படிந்து கிடக்கிறது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கேரளக் காயல்களில் 2019 வாக்கில் அறிவியலார் இதைப் பதிவுசெய்தார்கள். பக்கத்திலேயே துறைமுகங்கள், அடிப்பார நீர் வழியே வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதற்கும் முன்பே, 1967இல், விசாகப்பட்டினத் துறையில் வேறொரு அயல்சிப்பி வந்து ஒட்டிக்கொண்டது. நமக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 2000இல் தொடங்கிய பன்னாட்டு அடிப்பாரநீர்த் திட்டத்தின் ஆறு முன்னோடித் துறைகளுள் மும்பையும் ஒன்று.

காக்கா ஆழி செய்யும் கேட்டை எண்ணூர்ப் பக்கத்து மீனவர் சொற்களில் கேட்டால்தான் விளங்கும். இறால் சேற்றில் புதைந்து வாழ்வது. அங்கே இறாலைச் சேற்றில் கைவிட்டுத் தடவிப் பிடிப்போர் உண்டு. வலையும் படகும் இல்லாதவர்க்கு அதுவே பிழைப்பு. இச்சிப்பி சேற்றின்மேல் பாய் விரித்தாற்போலப் பின்னிப் படர்ந்துவிடுகிறது. இறால் புதைய இடமில்லை, கை நுழைய இடமில்லை. நுழைந்த கையை ஓட்டின் விளிம்பு கிழிக்கும். வழக்கமாகக் கிடைத்த மஞ்சள் ஆழியும் குன்றிப்போயிற்று என்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை இது சென்றது. அகற்றுவது யார் பொறுப்பு, செலவு யாருடையது என்ற வாதம் நடக்க, சிப்பி தன் வேலையைப் பார்த்தது. எங்கோ ஒரு கப்பல் கவிழாமல் இருக்க ஏற்றிய நீரின் கூலியை, எந்தக் கப்பலிலும் கால் வைக்காத ஒருவர் தம் விரல்களால் கட்டுகிறார். கல் சுமந்த காலத்தில் ஆள்கூலி கணக்கில் எழுதப்பட்டது. இக்கூலி எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இதையெல்லாம் மாணவருக்கு எழுதினோம். கொசத்தலையாறு எண்ணூரில் முடிகிறது என்பது அவருக்குப் புதுச்செய்தி. நமக்கும் அதன் வால்பகுதி வரைபடத்துக் கோடாகவே இருந்தது. பதிலில் அவர் தம் பாட்டனாரை நினைவுகூர்ந்திருந்தார். இராணிப்பேட்டைப் பக்கம் தோல்பதனிடும் கூடத்தில் வேலை செய்தவர். ஓய்ந்த நேரத்தில் கவலை ஏற்றத்துக்குத் தோல் தைத்துக் கொடுப்பார். கவலையைப் பார்த்திராத இளையோருக்காகச் சொல்கிறோம்: இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, கிணற்றிலிருந்து சால் மேலேறும். சாலின் அடியில் நீண்ட தோற்குழாய் தைத்திருக்கும். ஏறும்போது அதன் வாயை வால்கயிறு தூக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் கயிறு தளர்ந்து குழாய் வாய்க்காலில் விழ, நீர் முழுதும் தானே கொட்டிவிடும். எக்கி வேண்டாம், கவிழ்க்க வேண்டாம். திறப்பு அடியிலும் அடியில் இருப்பதால் சாலில் துளியும் தங்காது.

“இங்கே தொட்டியின் வடிதுளையை அடியிலிருந்து இரண்டு விரல் மேலே வைத்திருக்கிறார்கள் ஐயா. பக்கச் சுவரில் வைத்தால் வேலை சுலபம், அதனால்” என்று எழுதியிருந்தார். கூடத்தின் உரிமையாளரிடம் கேட்டு, பழைய தொட்டி ஒன்றின் தரையைச் சற்றே சரித்து, தாழ்ந்த மூலையில் துளையிட்டு மூடி வைத்துப் பார்த்தாராம். வழக்கமாக ஒரு வாளி தங்கும் தொட்டியில் ஒரு குவளைக்கும் குறைவாகவே தங்கிற்று. அந்தக் குவளையையும் துணியால் ஒற்றி எடுத்து, ஐந்து நாள் திறந்து காயவிடுகிறார்.

அம்மடலின் முடிவில் மறுபடி ஒரு சொல் கேட்டார். தங்கிவிடும் அந்த நீருக்குத் தமிழில் என்ன பெயர்? கலைச்சொல் எதுவும் நமக்குத் தோன்றவில்லை. குடத்தடியில் தங்கும் கலங்கலை நம் வீட்டில் “மண்டி” என்பார்கள் என்று எழுதினோம். பழுதுபார்த்து அனுப்பும் தொட்டிகளின் மூடி உட்புறத்தில், வேறெவர்க்கும் புரியாவிட்டாலும், “மண்டி பார்” என்று தமிழில் எழுதிவைப்பதாகப் பதில் வந்தது. அவ்வாரம் ஏரிக் கடைவாசல் வழிந்துகொண்டிருந்தது.